மூன்று பை கறுப்பு மண்

சொன்னால் செருப்பால் அடிப்பீர்கள். அடியுங்கள்.

நான் அனிஸ்ரன், முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெடியன். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்காக இல்மனைட் என்கிற கறுப்புத் தாது மண் தேடித் துளைபோடுவது என் வேலை. கம்பெனி கொடி நட்ட இடத்தில் ஒன்பது அடி துளைத்து, மூன்று அடிக்கு ஒரு பையாக மண் எடுத்து அனுப்ப வேண்டும்.

அன்றைக்கு அந்தோனியார் திருநாள். கொடி நின்றது மீன்பிடிக்கிற கிறிஸ்தோப்பர் அண்ணையின் காணியில். மீன் வாடிக் குடிசை, வள்ளம், வலை காயப்போடுகிற இடம், அவருக்கு உள்ளதெல்லாம் அதில்தான். "வேலை கிடக்கட்டும், முதல் சாப்பிடு," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் மனைவி சுசிலா அக்கா பாரை மீன் குழம்பும் நண்டுப் பிரட்டலும் போட்டுப் போட்டுத் தந்தா. தின்றேன். வாடி நிழலில் படுத்தேன். எழும்பும்போது மண் பை ஏற்றும் லொறி வரும் நேரம். என்ன செய்தேன் தெரியுமா? அலை அலசிக் குவித்த தனிக் கறுப்பு மண்ணைக் கரையில் அள்ளி, மூன்று பையிலும் கட்டி, அவருடைய காணி இலக்கத்தை எழுதினேன். துளைக்கிற கம்பியை நிலத்தில் குத்தக்கூட இல்லை. ஒரு துளைதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன், சோம்பேறி நாய்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. கரை முழுக்க அந்தக் காணியில்தான் இல்மனைட் அதிகமாம். முதலில் அதைத்தான் எடுப்பார்களாம்.

கோயில் மண்டபத்தில் கம்பெனிக்காரர் கூட்டம் வைத்தார். "பொய் அறிக்கை! திரும்பக் கிண்டச் சொல்லுங்கோ!" என்று சனம் கத்தியது. கிறிஸ்தோப்பர் அண்ணை எழும்பினார்.

"சும்மா கத்தாதேங்கோ. எங்கட அனிஸ்ரன் கிண்டினது. என்ர வீட்டில சாப்பிட்டிட்டுக் கிண்டினவன். அவன் பொய் எழுதான். என்ர விதி அவ்வளவுதான்."

ஐயோ! வெட்கத்தில் செத்துப்போனேன். அவரோ என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நான் மனவருத்தப்படக் கூடாதென்று.

"அண்ணை, நான் கிண்டேல்லை," என்றேன். "நித்திரை கொண்டிட்டன். அலைக்கரையில அள்ளினனான்."

கம்பெனிக்காரர் அறிக்கைக் கோப்பை மூடினார். வேலை போய்விட்டது, போகட்டும். கிறிஸ்தோப்பர் அண்ணை அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம். அவர் சுசிலா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு நீ இவனை எழுப்பட்டோ எண்டு கேட்டனியெல்லோ," என்றார். "பாவம், களைச்சுப்போனான், படுக்கட்டும் எண்டு நான்தானே சொன்னனான்."