வாடகைக்கு வந்த பன்னீர்ச்செம்பு

பீங்கான் நாயை இரண்டாம் தட்டின் கோடியில் வைத்துவிட்டு உமையாள் ஆச்சி திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி பீரோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் நாகநாதன் செட்டியார், சாமி அலங்காரம் பார்ப்பவரைப் போலத் தலையைச் சாய்த்தார்.

"நாய அங்குட்டுத் தள்ளு. வெள்ளக்காரச்சி பொம்மய முன்னுக்கு வையி. எடம் காலியாத் தெரியக் கூடாது."

அந்த பீரோவில் இப்போது அவர்களுக்குச் சொந்தம் என்று இருந்தது பூட்டு மட்டும்தான். பர்மாக் கடை கைவிட்டுப் போன மூன்று வருஷத்தில் உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாகக் கோணியில் சுற்றிக்கொண்டு, பழஞ்சாமான் வாங்கும் ஹபீப் ரகுமான் பாயின் வண்டியில் பின்வாசல் வழியே போய்விட்டன. இன்று அதே வண்டியில், அதே பின்வாசல் வழியே, யார் வீட்டிலோ வாங்கிய பதினோரு பொருட்கள் ஒருநாள் வாடகைக்கு வந்திருந்தன. "வெளிய மூச்சு விட மாட்டேன் ஆச்சி. நானும் பொண்ணு வச்சிருக்கவன்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் பாய் போனார்.

நெற்குப்பையிலிருந்து மகள் சிகப்பியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளுக்கு இருபத்தாறு ஆகிறது. இதற்கு முன் நாலு வீட்டார் வந்து போனார்கள். பெண்ணைப் பார்த்தது அரை நிமிஷம், பீரோவைப் பார்த்தது அரை மணி.

நடுத்தட்டு மொட்டையாக இருப்பது செட்டியாருக்குப் பொறுக்கவில்லை. பாய் கொண்டுவந்ததில் உமையாள் ஒதுக்கி வைத்திருந்த பித்தளைப் பன்னீர்ச்செம்பை அவரே எழுந்துபோய் எடுத்து வந்தார்.

"பித்தள வேணாங்க. அடியில பேரு வெட்டியிருக்கும்."

"வாரவுக கவுத்துப் போட்டா பாக்கப் போறாக? கௌரவப்பட்ட குடும்பம்."

பார்ப்பார்கள். கரண்டி முதல் அண்டா வரை சொந்தக்காரர் பேரின் எழுத்தை வெட்டாமல் செட்டி வீட்டில் எதுவும் புழங்காது. கையில் எடுத்ததைக் கவிழ்த்துப் பார்க்க அங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செட்டியாருக்கும் இது தெரியாததில்லை. ஆனால் செம்பு அங்கே நின்ற பிறகு அது தன்னுடையதுதான் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

நாலு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் அழகம்மை ஆச்சி, கூட அவள் தம்பி. செட்டியார் ஒவ்வொரு பொருளுக்கும் வரலாறு சொன்னார். காப்பிக்கு முன்னால் ஜெர்மனியில் பிறந்த நாய், காப்பிக்குப் பின்னால் இங்கிலாந்துக்குக் குடிபோயிருந்தது.

"இது பினாங்குல எங்க அப்பச்சி நின்னு செய்யச் சொன்னது" என்று பன்னீர்ச்செம்பை எடுத்து அழகம்மை ஆச்சியின் கையிலேயே கொடுத்தார்.

அவள் கவிழ்த்தாள். கட்டைவிரல் அடியில் ஒருதரம் தடவி நின்றது. அழகம்மை ஆச்சி முகம் மாறாமல், விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்து, செம்பை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"நல்ல வேலப்பாடு. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க ஆச்சி."

உமையாளின் பின்னாலேயே அடுப்படிக்குள் வந்தவள், நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். தண்ணீரைக் குடிக்கவில்லை.

"அது எங்க ஆத்தா பேரு. என் கலியாணத்துக்கு வச்ச செம்பு. சித்திரையில பாய் எடுத்துட்டுப் போனாரு."

உமையாள் அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"தப்பா நெனைக்காதீக. நீங்க எங்க வீட்டுக்கு வந்திருந்தா உங்க பொம்ம ஏதாச்சும் அங்க நின்னிருக்கும்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பொண்ணு லட்சணமா இருக்கா ஆச்சி. மனசுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா ரெண்டு வெறும் பீரோவச் சேத்து வச்சு என்ன செய்ய? பயலுக்கு நான் வேற எடந்தான் பாக்கணும். நீங்களும் பாருங்க."

உமையாளின் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனாள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கும்பிட்ட செட்டியார், வேட்டியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பாத்தியா? செம்பக் கையில எடுத்ததும் அந்தம்மா வாயடச்சுப் போச்சு. முடிஞ்ச மாதிரிதான்."

உமையாள் வாயைத் திறந்தாள். சிகப்பி சமுக்காளத்தில், உட்காரவைத்த இடத்திலேயே இருந்தாள். எழுந்திருக்கச் சொல்ல எல்லாரும் மறந்திருந்தார்கள். அவள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செட்டியார் நாற்காலியில் சாய்ந்து பீரோவை நோக்கினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு ஆத்தா. கீழ்த்தட்ட மறைக்கிற."

சிகப்பி நகர்ந்தாள். அவர் கையை இன்னும் ஆட்டினார். பட்டுச்சேலை தரையில் சரசரக்க, முதுகு தூணில் முட்டும்வரை நகர்ந்தாள்.