மூன்று படத்திலும் ஆடிய கை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்குச் சொல்லப்பட்ட கதை. நான் தேடிப் போகவில்லை. என் வீட்டை வாடகைக்கு விட வேண்டியிருந்தது; அதற்குப் படம் வேண்டியிருந்தது. போனில் நான் எடுத்த படங்களில் அறை தெரிந்தால் ஜன்னல் வெள்ளைத் துணி தொங்கவிட்டதுபோல் வெளுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தால் அறை கரிமூட்டை போல் கறுத்திருந்தது. அலுவலகத் தோழி ஒருத்தி ஒரு படக்காரரின் எண்ணைக் கொடுத்தாள்.

வந்தார். அதிகம் பேசாதவர். காமிராவை முக்காலியில் மாட்டி, ஒரே இடத்தில் இருந்து மூன்று படம் எடுத்தார்: ஒன்று இருட்டாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று கண் கூசும் அளவுக்கு வெளிச்சமாக. அப்புறம் என் சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்தார். இருட்டுப் படத்தில் இருந்து ஜன்னல், வெளிச்சப் படத்தில் இருந்து அலமாரியின் மூலை, நடுவில் இருந்து மற்றதெல்லாம். "இது ஃப்ரீ சாஃப்ட்வேர்தான் மேடம், நீங்களே பண்ணலாம்" என்றார்.

ஒரு படத்தில், சமையலறைக் கதவருகே புகைபோல ஓர் உருவம் நின்றது. கையில் டம்ளரோடு நான்தான். மூன்றில் ஒரு படம் எடுக்கும்போது குறுக்கே போயிருக்கிறேன்.

"ஆவி மாதிரி வந்துட்டீங்க. எடுத்துடவா?"

"இதையெல்லாம் கேக்கணுமா? எடுங்க."

"கேக்காம ஆளை எடுக்கறதில்ல மேடம்" என்றவர், கேட்காமல் எடுத்த ஒரு தடவையைப் பற்றிச் சொன்னார். அதுதான் இது. "எழுதலாமா?" என்று கேட்டேன். "எழுதுங்க. என்னை நல்லவனாக் காட்டிடாதீங்க" என்றார்.

2

தொடக்கங்கள்.

'ஜன்னல் வழியாக வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு குடும்பம்…'

வேண்டாம். இவ்வளவு வெளிச்சம் கொட்டினால் கதை நனைந்துவிடும்.

'மனிதனின் கை என்பது…'

இது கட்டுரை. என்பது என்று ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

சரி, நடந்ததை நடந்தபடி. அவனுக்கு ஓர் அக்கா. (எதிரில் உட்கார்ந்திருந்தவரை நான் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். கதைக்குள் வந்ததும் 'அவன்' ஆகிவிட்டார். எழுத்து ஒருவரின் மரியாதையைக் குறைக்கிறதா, அவரை நம் பக்கத்தில் இழுத்து உட்காரவைக்கிறதா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.) அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்.* அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா வைத்திருக்கும்போதுதான் ஆட்டம்; எதையாவது பிடித்தால் கொஞ்சம் அடங்கும். நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்து, "கை நல்லா அடங்கட்டும், அப்புறம் ஓட்டறதப் பத்திப் பேசலாம்" என்றார். அன்றிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தான் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வார். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

*கை நடுங்குகிறவருக்கு இந்தத் தொழிலா என்று நீங்கள் கேட்பீர்கள். கதைக்காகவே செய்து வைத்ததுபோல் இருக்கிறது, தெரியும். துணிக்கடைக்காரராக மாற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்தத் துணிக்கடையில் வியாபாரமே நடக்கவில்லை. அடித்துவிட்டேன்.

3

மருத்துவமனைக்குப் பக்கமாகத் தரைத்தளத்தில் வீடு பார்த்து அவர்கள் மாற இருந்தார்கள். பழைய வீட்டின் ஹாலில் சுவர் முழுக்க ஜன்னல். அதன் முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். அக்கா, கல்லூரி போகும் மகள், நடுவில் கை வைத்த நாற்காலியில் அத்தான்.

ஜன்னலைப் பின்னால் வைத்து ஆளை எடுப்பது தொல்லை பிடித்த வேலை. மூன்றாக எடுத்துக் கலந்தால்தான் முகமும் தெரியும், வெளியே வானமும் தெரியும்.

"யாரும் அசையாதீங்க. மூச்சு வேணா விட்டுக்கலாம்" என்றான் அவன்.

மகள் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. தொடைக்கு அடியில் இருந்த கையை எடுத்து நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தார் என்று அவனுக்கு லென்ஸ் வழியாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மூன்றையும் கலந்தான். ஜன்னல், முகங்கள், தரையில் விழுந்த நிழல் எல்லாம் நூல் பிசகாமல் பொருந்தின. அத்தானின் கை மட்டும் விசிறிபோல விரிந்து கிடந்தது. மென்பொருளுக்கு எதை எடுப்பது என்று தெரியவில்லை; மூன்று கையையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருந்தது.

இதைச் சரிசெய்ய வழி இருந்தது. இருட்டுப் படம் கண் இமைக்கும் நேரத்துக்குள் எடுக்கப்பட்டது. அதில் கை ஆட்டத்தின் நடுவிலேயே உறைந்து நின்றது. விரல்கள் உள்பக்கமாக மடங்கி, கட்டைவிரல் எதையோ உருட்டுவதுபோல் இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வந்தன. ஆனால் அது அத்தானின் கை. அதை வைத்திருக்கலாம்.

(இந்த இடத்தில் அவருக்காக நான் ஒரு சமாதானம் எழுதினேன்: 'அத்தான் மனம் நோகக் கூடாதே என்றுதான் அவன்…'. சொன்னவர் இப்படிச் சொல்லவில்லை. அந்த வரி பாதியிலேயே நிற்கட்டும்.)

அவன் ஒரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டான். காமிராவைத் தானே அழுத்திக்கொள்ளும்படி வைத்துவிட்டு உட்கார்ந்து, தன் வலது கையைக் கைப்பிடி மேல் வைத்தான். அசையாத கை. வெட்டி எடுத்து அத்தானின் சட்டைக் கை முடியும் இடத்தில் பொருத்தினான். தோலின் நிறத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கினான். மணிக்கட்டின் ஓரத்தை மெல்லிய தூரிகையால் கரைத்தான். பெரிதாக்கிப் பார்த்தபோது ஒட்டே தெரியவில்லை. எழுந்து நின்று தூரத்தில் இருந்தும் பார்த்தான். "சூப்பர்" என்று வாய்விட்டுச் சொன்னானாம்.

படத்தை அக்காவுக்கு அனுப்பினான். தன் வேலைகளைக் காட்டும் பக்கத்திலும் போட்டான். 'ஜன்னலும் தெரியும், முகமும் தெரியும்' என்று அதன் கீழே எழுதினான். நிறைய பேர் பாராட்டினார்கள்.

4

அத்தான் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். போனிலும் வைத்துக்கொண்டார். அவனைக் கூப்பிட்டுப் பேசினார். சாதாரணமாக அவர் போன் செய்கிற ஆளே இல்லை.

"மச்சான், படத்தப் பார்த்தியா?"

"நான்தானே அத்தான் எடுத்தேன்."

"அது சரி. கையப் பார்த்தியான்னு கேக்கறேன். எப்படி நிக்குது பாரு! எனக்கு அன்னைக்கு ஆடற மாதிரிதான் தோணுச்சு. ஆடலப்பா. மாத்திரை கேட்டுடுச்சு."

அவன் "ம்" என்றான்.

ஒரு 'ம்'. கதையில் இதற்கு மேல் பெரிய பொய் எதுவும் இல்லை. இதை நான் விரித்து எழுத முயன்றேன்; தொண்டை அடைத்தது, வியர்த்தது என்றெல்லாம். "ஒண்ணும் அடைக்கல மேடம். சந்தோஷமா இருக்கட்டுமேன்னு கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு" என்றார் படக்காரர்.

அடுத்த வாரம் அக்கா கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சுண்டு விரல் உன்னோடதுடா."

"என்ன?"

"படத்துல. கோணலா இருக்கே, அது. சின்ன வயசுல கதவை இழுத்துச் சாத்தி நசுக்கினவ நான். எனக்குத் தெரியாதா?"

அவனுக்கு அப்போதுதான் உடம்பு சுருங்கியது. திருடும்போது பிடிபட்டிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

"அத்தான்கிட்ட சொல்லிட்டியாக்கா?"

"எப்படிடா சொல்றது? அந்தப் படத்தப் பார்த்ததுல இருந்து மனுஷன் சட்டை பட்டனை அவரே போட்டுக்கறார். காபி ஆறிடும் போட்டு முடிக்கறதுக்குள்ள. ஆனா போடறார்."

"அப்போ விட்டுடலாமே."

"விட்டுட்டேன்டா. பார்த்த அன்னைக்கே தெரியும் எனக்கு. வாயை மூடிட்டு விட்டுட்டேன். இப்போ கார் சாவியக் கேக்கறார். காலைல இவளைக் காலேஜ்ல கொண்டுபோய் விடறாராம். அவளும் துள்ளிட்டு நிக்கறா. நீ ஒட்ட வச்ச கை. நீயே வந்து சொல்லு."

5

மாற்று முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

(அ) அவன் போய்ச் சேருவதற்குள் கார் கிளம்பிவிடுகிறது. இதை எழுதும்போது என் கை வேகமாக ஓடியது. விபத்து எழுதுவது அவ்வளவு சுலபம். அடித்துவிட்டேன்.

(ஆ) அத்தானுக்கு முன்பே தெரியும். மச்சானின் மனசு நோகாமல் இருக்கத் தெரியாததுபோல் நடித்தார். இதைப் படித்தால் உங்களுக்குக் கண் கலங்கும். அவனுக்கும் வசதியாக இருக்கும். அதனாலேயே வேண்டாம்.

நடந்தது இது. காலையில் அவன் போனபோது அத்தான் கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்தார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை ஒரு பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். அவன் காலடியில், கற்றுக்கொடுப்பவருக்கென்று வைத்த இரண்டாவது பிரேக்கும் கிளட்சும் இருந்தன. அது அத்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்த இடம்.

"என்ன, நீயும் வர்றியா? பின்னாடி உக்காரு. அவ முன்னாடிதான் உக்காருவா."

"அத்தான், படத்துல இருக்கறது உங்க கை இல்ல."

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

"என் கை. நான்தான் தனியா எடுத்து ஒட்டினேன்."

அத்தான் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார். படத்தை விரலால் பெரிதாக்கப் பார்த்தார். விரல் நழுவிக்கொண்டே போனது. அவன் உதவப் போனான். "இரு" என்றார். பெரிதாக்கிவிட்டு அவன் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் அவன் கையைப் பார்த்தார். அவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

"அப்போ என் கை எங்க?"

"ஆடிச்சு அத்தான். மூணு படத்துலயும். அதனால எடுத்துட்டேன்."

"மூணுலயுமா?"

"ஆமா."

அவர் போனை அணைத்தார். எதிரில் இருந்த சுவரைப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"எனக்கு அசிங்கமா இருக்கும்னு எடுத்தியா, உனக்கு அசிங்கமா இருந்துச்சா?"

6

அவன் என்ன பதில் சொன்னான் என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறுவது தெரிந்துதான் செய்கிறேன்.

அத்தான் காரை விட்டு இறங்கினார். சுற்றி வந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நகரு. அந்தப் பக்கம் போ."

"அத்தான்?"

"பொண்ணு மேல நின்னு பார்த்துட்டிருக்கா. நான் வண்டிய எடுக்காம மேல போனா என்னன்னு சொல்றது? நீ ஓட்டு."

மகள் ஓடி வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். கல்லூரி வரைக்கும் அவன் ஓட்டினான். அத்தான் பழைய இருக்கையில், காலடி பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, "கண்ணாடியப் பாரு… கிளட்ச்ச முழுசா அமுக்கு… எங்கடா போற, வலது பக்கம் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய வலது கை முழங்கால் மேல் ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதை அவர் மறைக்கவில்லை. "ஏம்ப்பா, நீங்க ஓட்டலயா?" என்று மகள் கேட்டதற்கு, "உங்க மாமாவுக்கு இன்னும் ஓட்டவே தெரியல, அதான்" என்றார். அவள் சிரித்தாள்.

மகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியைத் தானே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தார். அந்தக் கார் இப்போது வேறொரு பயிற்சிப் பள்ளியில் ஓடுகிறது.

அவன் படத்தைத் தன் பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டான். இருட்டுப் படத்தில் இருந்த நிஜக் கையை வைத்து மறுபடியும் கலந்து, சட்டமும் போட்டுக் கொண்டுபோனான். அத்தான் வாங்கிப் பார்த்தார். "நல்லாருக்கு" என்று அலமாரிக்குள் வைத்தார். புது வீட்டுச் சுவரில் தொங்குவது பழைய படம்தான். வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே காட்டுகிறார்: "எல்லாம் நாங்கதான். அந்தக் கை மட்டும் என் மச்சானோடது." எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் அங்கே இருந்தால் அவனும் சிரிக்க வேண்டியிருக்கிறது.

"மன்னிச்சிட்டாரான்னு தெரியல மேடம். கேக்கவும் முடியல" என்றார் படக்காரர்.

7

இனி அந்தப் பதில்.

அதைக் கேட்கிற ஆவலில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். "அவர் அப்படிக் கேட்டதும் நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். படக்காரர் என் வீட்டு ஜன்னலின் படத்தைப் பெரிதாக்கி, "இங்க கொஞ்சம் வெளுத்திருக்கு, இருங்க" என்று தூரிகையை எடுத்துக்கொண்டார். காது நுனி சிவந்திருந்தது. நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

அவருக்காக நான் எழுதிப் பார்த்தவை:

'"உங்களுக்காகத்தான் அத்தான்" என்றான்.' பொய்.

'"எனக்குத்தான்" என்றான்.' உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு கார் இருக்கையில், ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம், இதை வாயால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. என்னால் முடியாததை அவன் வாயில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

'அவன் அழுதான்.' அழுதுவிட்டால் கேள்வி கேட்டவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே இந்த இடத்தை நிரப்பாமல் விடுகிறேன். நீங்களும் யாரையாவது ஏதாவது ஒரு படத்தில் இருந்து, ஒரு விருந்தில் இருந்து, ஒரு பேச்சில் இருந்து மெதுவாக எடுத்துவிட்டு, அவர்கள் நன்மைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இல்லை என்றால் சந்தோஷம். இருந்தால், அந்தப் பக்கத்து இருக்கையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கார் இன்னும் கிளம்பவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி காத்திருக்கிறார்.

"சொல்லு" என்கிறார்.

அவன் சொன்னான்: "