ஜெனோவாவின் வயது

"மதாம் ஜெனோவா" என்று கூப்பிட்டதும் வேலைவாய்ப்பு அலுவலக வாங்கிலிருந்து அக்னெஸ் எழும்பினாள். பதினெட்டு வருடங்களாக அந்தப் பெயருக்கு எழும்பிப் பழகிவிட்டது. பக்கத்தில் இருந்த புஷ்பராணி அவளுடைய முழங்கையைத் தொட்டாள். "பயப்பிடாமப் போ ஜெனோ. எனக்கு அஞ்சு நிமிசத்தில முடிஞ்சிது." புஷ்பராணியின் மடியில் நீல உறை ஒன்று இருந்தது. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பத்திரத்திலும் ஐம்பத்தாறு.

ஆண்களின் குளிர்கால மேலங்கி தைக்கும் தொழிற்சாலையில் இருவரும் அடுத்தடுத்த மெஷின்களில் இருந்து கை பொருத்தியவர்கள். 2007 மார்ச்சில் அது மூடப்பட்டது. சீனாவிலிருந்து தைத்து முடித்து வந்திறங்கும் மேலங்கியின் விலைக்கு இங்கே துணிகூட வாங்க முடியாது என்று முதலாளி சாப்பாட்டறையில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். அடுத்த கிழமை அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒருத்தி வந்தாள். இறக்குமதியால் வேலை போனவர்களில் ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்குத் தனித் திட்டம் உண்டாம். பயிற்சி, பயிற்சி முடியும்வரை வாராவாரம் காசு, வேலை தேடித்தரக் கூடவே ஒரு ஆள். மற்றவர்களுக்கு வழமையான வேலையிழப்புக் காப்புறுதி மட்டும். அதைக் கேட்டதிலிருந்து அக்னெசின் நினைப்பெல்லாம் வயதிலேயே இருந்தது. அவளுக்கு ஐம்பத்தேழு. பத்திரத்தில் ஐம்பத்தொன்று.

ஜெனோவா அவளுடைய தங்கை. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகவென்று பாஸ்போட் எடுத்து வைத்திருந்தவள், எண்பத்தெட்டில் மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனாள். மறுவருடம், புருசனைப் பறிகொடுத்த அக்னெஸ் நாலு வயது மகன் றொசானோடு ஊரான பேசாலையை விட்டு வெளிக்கிட்டபோது கையில் இருந்தது அந்தப் பாஸ்போட்தான். இருவருக்கும் ஒரே முகச்சாயல். "பாஸ்போட்டில இருக்கிறதத்தான் கடைசி மட்டும் சொல்லோணும். மாத்திச் சொன்னா ரெண்டு பேரையும் திருப்பி ஏத்திப்போடுவாங்கள்" என்று காசு வாங்கிக் கூட்டிவந்தவன் சொல்லியிருந்தான். மொன்றியல் விமான நிலையத்தில் ஒருதரம் சொன்னாள். அகதிப் பத்திரம், வதிவிட அட்டை, குடியுரிமை, றொசானின் தாயின் பெயர் எல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்து முளைத்து வந்தன. மாதா கோயிலில் மட்டும் அவள் அக்னெஸ். பூசைக்கு வருகிற ஊர்ச்சனத்திடம் வேறு பெயர் சொல்ல முடியாது. தொழிற்சாலைச் சனமும் கோயில் சனமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாதபடி இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டாள். புஷ்பராணியை ஒருநாளும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

இன்றைக்குக் கைப்பையில் தன் ஞானஸ்நானப் பத்திரத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெளிவில்லை. ஊசியில் நூல் கோக்கக் கண் விடுகிறதில்லை. முழங்கால் வீங்கி, படி இறங்கும்போது கம்பியைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. இந்தக் கண்ணோடும் காலோடும் ஐம்பத்தொரு வயதுக்காரியாகப் போய் எந்த வாசலில் நிற்பது? அதிகாரி முகம் நல்ல முகமாக இருந்தால் சொல்லிப் பார்க்கலாம். பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் நினைத்தாள். இறங்கும்போது அந்தத் துணிவில் பாதிதான் மிச்சமிருந்தது.

அறைக்குள் நரைத்த தலையும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக அதிகாரி இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

"அட, அக்னெசக்கா! நீங்களே?"

பேனாட். கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவன். கதிரையிலிருந்து பாதி எழும்பியவனின் கண் மேசையில் கிடந்த கோப்பின் பெயரில் விழுந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. அதிகாரி அவனைப் பார்த்தாள், பிறகு கோப்பைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

அக்னெஸ் பைக்குள்ளிருந்து பத்திரங்களைக் கட்டாக எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் கண்டாள், நடுவில் ஞானஸ்நானப் பத்திரத்தின் பழுப்பு ஓரமும் தெரிந்தது. திருப்பி இழுக்க விரல் நீண்டது. அதற்குள் அதிகாரி அதை உருவி வெளிச்சத்தில் பிடித்து, பெயரையும் பிறந்த வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதையும் வாய்விட்டு வாசித்தாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

"இது ஆற்ற எண்டு கேக்கிறா." பேனாட்டின் குரல் இறங்கியிருந்தது. "நீங்கள் சொல்லுறத மட்டும்தான் அக்கா நான் சொல்லுவன்."

என்னுடையது என்றால் ஐம்பத்தேழு. வெளியே புஷ்பராணியின் மடியில் இருப்பதைப் போல, திட்டத்தில் சேர்த்த கடிதத்தோடு ஒரு நீல உறை. என்னுடையது என்றால், அப்போ ஜெனோவா யார் என்று அடுத்த கேள்வி வரும். றொசானுக்குப் போன வருடம்தான் விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. அவனுடைய பாதுகாப்பு அட்டைக்கு அவளுடைய பத்திரங்களையும் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தார்கள்.

"என்ர அக்காவின்ர."

பேனாட் அதைப் பிரெஞ்சில் சொன்னான். அதிகாரியின் முகம் இளகியது. கோப்பைப் பிரட்டியபடி ஆர்வமாக ஏதோ கேட்டாள்.

"அக்காவும் அங்கதான் வேலை செய்தவாவோ எண்டு கேக்கிறா. அப்பிடியெண்டா அவவுக்கு இந்தத் திட்டம் கிடைக்குமாம். கூட்டிக்கொண்டு வரட்டாம்."

அக்னெஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ செத்துப்போனா."

"எப்ப?" அதை அதிகாரி கேட்கவில்லை. பேனாட்தான் கேட்டான்.

"எண்பத்தெட்டில. காய்ச்சல்."

அவன் அவளையே பார்த்தான். போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் அவனுடைய பிள்ளைக்கு அவள்தான் பாற்சோறு ஊட்டினாள். மெதுவாக முகத்தைத் திருப்பி, சொன்னதைச் சொன்னான். அதிகாரி நெஞ்சில் கையை வைத்து அனுதாபம் சொன்னாள். பிறகு பேனாட்டிடம் சுருக்கமாக ஒன்று கேட்டாள். 'அக்னெஸ்' என்ற பெயர் அந்தக் கேள்வியில் இருந்தது. அதை அவன் தமிழில் சொல்லவில்லை. தானாகவே பதில் சொன்னான். அந்தப் பதிலில் 'எக்லீஸ்', கோயில் என்ற ஒரு சொல்லைத் தவிர அக்னெசுக்கு எதுவும் விளங்கவில்லை.

மிச்சமெல்லாம் கெதியாக முடிந்தது. வயது போதாது. காப்புறுதிக் காசு இருக்கும்வரை வரும். வேலை தேடுவதற்கு ஒரு வகுப்பு, வியாழக்கிழமைகளில். பேனாட் விரலால் காட்டிய இடத்தில் அவள் ஜெனோவா என்று கையெழுத்து வைத்தாள்.

அதிகாரி பத்திரங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். ஒன்று குறைந்தது. அந்தப் பழுப்புத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் அறை மூலையிலிருந்த பிரதி எடுக்கும் இயந்திரத்தை நோக்கி நடந்தாள்.

"எதுக்கு பேனாட்? அது ஏன் அவவுக்கு?"

"கோப்பில வைக்கவாக்கும் அக்கா. சும்மா..."

மூடி இறங்கியது. அதன் விளிம்புக்குக் கீழே பச்சை வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்துபோனது. அதிகாரி தாளைப் பிரட்டி வைத்தாள். மறுபடியும் அந்த வெளிச்சம், ஆறுதலாக, முதலிலிருந்து.