ஒன்பதாவது கிட்

அம்மாவின் மோட்டார் சைக்கிளை பட்டறைக்காரர் கேட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது, வாசலில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று பார்த்தார்கள். சாவி வண்டியிலேதான் தொங்கியது. ஆனால் அவர் ஓட்டி வரவில்லை. பட்டறையிலிருந்து இரண்டு கிலோமீட்டரும் தள்ளியே வந்திருக்கிறார் என்பது சட்டையின் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அண்ணன் கூடத்திலிருந்து இறங்கி வந்தான். முந்தின நாள் மதியம் அம்மா இறந்த செய்தி வந்ததிலிருந்து அவன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரையும் நம்பவும் இல்லை.

"இதுதான் நீங்க அஞ்சு மாசமா வேலை பாத்த வண்டியா?"

"ஆமாங்க."

அண்ணன் குனிந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். வாங்கிய நாளில் இருந்த அதே ஒற்றைச் சக்கரம். விரலால் ஒரு நட்டைத் தடவி, ஒட்டிய தூசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஒரு போல்ட்டு கூட கழட்டலையே. மூணு சக்கர வண்டியா மாத்தித் தர்றேன்னு சொல்லிட்டு என்னய்யா பண்ணிட்டு இருந்தீங்க இத்தன நாளா?"

பட்டறைக்காரர் ஸ்டாண்டைப் போட்டார். வண்டி ஆடாமல் நிற்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

படியில் நின்றுகொண்டிருந்த தங்கை அதையெல்லாம் கவனித்தாள். விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வருகிற விண்ணப்பங்களில் நேரம் எங்கே இடிக்கிறது, எந்த வாக்குமூலம் எதோடு ஒட்டவில்லை என்று பார்ப்பதுதான் பதினொரு வருஷமாக அவள் பிழைப்பு. பதில் சொல்லாத ஆட்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மாவை அந்தப் பகுதியில் ஊசியம்மா என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருவாள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு. அத்தனைக்கும் அந்த மோட்டார் சைக்கிள்தான். இரண்டு வருஷமாக இடது முழங்கால் தேய்ந்து, சிக்னலில் காலை ஊன்றினால் தாங்கவில்லை. இரண்டு தடவை வண்டியோடு சாய்ந்தாள். விற்றுவிடச் சொன்னான் அண்ணன்.

"ஓட்டுறதுல எனக்கு ஒரு குறையும் இல்லடா. நிறுத்துறதுதான் வரமாட்டேங்குது," என்றாள் அம்மா. பின்சக்கரத்தை மாற்றி இரண்டு சக்கரம் வைக்கிற கிட் இருப்பதாகவும், அதை மாட்டித் தர ஒரு பட்டறைக்காரர் கிடைத்திருப்பதாகவும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் மகள் கேட்பாள். "கிட் வந்துச்சாம்மா?"

"எங்கடி! எந்தக் கிட்டுன்னே இன்னும் முடிவாகல. அந்த ஆள் இழுத்தடிக்கிறான். எனக்கென்னமோ சரியாப் படல. நேர்ல போய் நின்னாத்தான் வேலை நடக்கும்போல. ஒரு கண்ணு வெச்சிருக்கணும்."

அப்படிச் சொல்லிச் சொல்லியே வாரத்துக்கு இரண்டு நாள் பட்டறைக்குப் போனாள். அங்கேதான் நேற்றுக் காலையில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, உயிர் போயிருக்கிறது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் கொண்டுவந்த நேரம் பதினொன்று முப்பத்தைந்து என்று இருந்தது. மகளுக்குப் பட்டறைக்காரர் தகவல் சொன்னது பன்னிரண்டு இருபத்தைந்துக்கு. நடுவில் ஐம்பது நிமிஷம். அம்மாவின் கைபேசியை அவள் இரவே திறந்து பார்த்துவிட்டாள். 'பட்டறை' என்ற பெயரில் ஐந்து மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். சிலது நாற்பது நிமிஷம். போல்ட்டைப் பற்றி நாற்பது நிமிஷம் யார் பேசுவார்கள்?

அண்ணன் அவளை ஓரமாக இழுத்தான். "நாலு மணிக்கு எடுக்குறோம். அதுக்குள்ள போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடலாம். எரிச்சதுக்கப்புறம் சந்தேகம்னு போய் நின்னா, சாம்பலையா சோதிப்பாங்க?"

"மாரடைப்புன்னு டாக்டர் எழுதியிருக்காருண்ணா."

"மாரடைப்பு வர்ற மாதிரி அங்க என்ன நடந்துச்சு? அதை யாரு எழுதுவா? அம்மாவே சொல்லலையா, ஆள் சரியில்லன்னு?"

அம்மா சொன்னாள்தான்.

"அரை மணி நேரம் குடு. நான் கேக்குறேன். கேட்டுட்டு உனக்குச் சொல்றேன்."

வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற கொட்டகைக்கு அவரை அழைத்துப் போனாள். சுவரோரமாகப் பஞ்சுக் கட்டுகளும் கையுறைப் பெட்டிகளும் அடுக்கியிருந்தன. உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"அம்மா உங்க பட்டறைக்கு எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"பத்தே கால் இருக்கும்."

வீட்டிலிருந்து ஒன்பதரைக்குக் கிளம்பியதாகப் பக்கத்து வீட்டுத் தையற்காரி சொல்லியிருந்தாள். வழியில் ஒரு வீட்டில் ஊசி. அந்தக் கணக்கு இடிக்கவில்லை.

"எப்ப முடியாமப் போச்சு?"

"பதினொண்ணுக்கு. தண்ணி கேட்டாங்க. உள்ள போய் மொண்டுட்டு வந்தேன். கண்ணாடி மூக்குலேர்ந்து எறங்கியிருந்துச்சு. தூங்குறாங்கன்னு நெனச்சு..." அவர் நிறுத்தினார். "கூப்பிட்டுப் பாத்தேன். எதிர்க் கடைக்காரர் வண்டியில தூக்கிப் போட்டுட்டு ஓடினோம்."

"ஆஸ்பத்திரியில சேத்ததுக்கும் எனக்குப் போன் பண்ணதுக்கும் நடுவுல அம்பது நிமிஷம் இருக்கு. அது வரைக்கும் என்ன பண்ணீங்க?"

"உங்க நம்பர் எங்கிட்ட இல்லைங்க. அம்மா போனு பூட்டியிருந்துச்சு. இங்க வந்தேன், வீடு பூட்டியிருந்துச்சு. பக்கத்துல தைக்கிற அம்மாகிட்டதான் நம்பர் வாங்கினேன். அவங்க வீட்ல தேடி எடுக்கக் கொஞ்ச நேரமாச்சு."

அவள் அவரை அங்கேயே நிற்க வைத்துவிட்டுப் போய்த் தையற்காரியிடம் விசாரித்தாள். "ஆமாம் கண்ணு," என்றாள் தையற்காரி. "மூச்சு வாங்க வந்து நின்னாரு. அந்த நேரம் பாத்து டைரி கெடைக்கல. பாவம், ஒரு வாய் தண்ணி கூட வேணாம்னுட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "யாரு அவரு, உங்களுக்குச் சொந்தமா?"

அவள் கொட்டகைக்குத் திரும்பி வந்தாள். அவர் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அம்பது நிமிஷம் சரி. அஞ்சு மாசம்?"

அவர் வெளியே போனார். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து கொடுத்தார். உள்ளே அச்செடுத்த தாள்கள் ஒன்பது. ஒவ்வொன்றிலும் ஒரு கிட்டின் படம், அளவுகள், தேதி. ஓரங்களில் அம்மாவின் சாய்ந்த நீல எழுத்து. அதற்குக் கீழே பட்டறைப் பென்சிலால் தடித்தடியாகப் பதில்.

முதல் தாளில் பழைய சக்கரத்தைக் கழற்றாமல் இரண்டு பக்கமும் சக்கரம் சேர்க்கிற கிட். 'பக்கச் சக்கரங்கள் மேட்டில் ஏறினால் நடுச் சக்கரம் என்ன ஆகும்?' என்று அம்மா கேட்டிருந்தாள். 'காற்றில் சுற்றும். வண்டி நகராது. வேண்டாம்.'

இரண்டாவதில் பின்சக்கரத்தையே எடுத்துவிட்டு, ஒரே அச்சில் இரண்டு சக்கரம் வைப்பது. அகலம்? 'நாற்பத்திரண்டு அங்குலம். உங்கள் கேட் நாற்பத்தெட்டு. நேரில் அளந்தேன்.' பிரேக்? 'இரண்டு சக்கரத்துக்கும்.' திரும்பும்போது? 'உள்பக்கச் சக்கரம் தானே மெதுவாகச் சுற்றும். இழுக்காது.' மருந்துப் பெட்டி? 'சீட்டுக்குப் பின்னால் வைக்கலாம்.' அதற்குக் கீழே நீல மையில் ஒரு டிக்.

மூன்றாவது வளைவில் இழுக்கும் என்று தள்ளப்பட்டிருந்தது. நான்காவதில், 'நிறம் சரியில்லை.' 'பெயின்ட் அடிக்கலாம்.' 'அடித்தாலும்.' ஐந்தாவதில் பெரிய சாமான் பெட்டி வைத்த வண்டி. 'நான் ஊசி போடப் போகிறேனா, வீடு மாற்றப் போகிறேனா?' அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்தில் அம்மா கிடக்கிறாள் என்பது நினைவு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஏழாவது தாளில் அவள் விரல் நின்றது. 'இது சைக்கிளுக்கு உள்ளது' என்று அம்மா எழுதியிருந்தாள். 'தெரியும்.' 'பின்னே எதற்கு எனக்குக் காட்டினீர்கள்?' அதற்குக் கீழே பென்சிலால் ஏதோ எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்திருந்தது. தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிருந்தது.

ஒன்பதாவது தாளில் நேற்றைய தேதி. எழுத்து ஒன்றும் இல்லை.

அவள் திரும்ப இரண்டாவது தாளுக்கு வந்தாள். அம்மாவின் டிக் அவளுக்குத் தெரியும். மருந்துப் பட்டியலில் போடுகிற டிக். போட்டால் போட்டதுதான். இந்த வீட்டை ஒரு காலைப்பொழுதில் பார்த்து, அன்று சாயங்காலமே சாவி வாங்கியவள். அப்பா இறந்தபோது அவருடைய சட்டைகளை யாருக்குக் கொடுப்பது என்று பத்து நிமிஷத்தில் முடிவு செய்தவள். அப்படிப்பட்டவள் ஒரு வண்டியின் நிறம் சரியில்லை என்று ஒரு மாதம் யோசித்திருக்கிறாள். இதுதான் இடித்தது.

"இதுல டிக் போட்டிருக்காங்களே?"

"ஆமா."

"தேதி அஞ்சு மாசத்துக்கு முன்னாடி."

"முதல் வாரம். அதுதான் சரியான கிட்டு. அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு மத்த ஏழும்?"

பட்டறைக்காரர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் கரி. இன்றைக்கென்று தேய்த்துக் கழுவியிருக்கிறார், போகவில்லை.

"வேற ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு சொன்னேன்."

"இருந்துச்சா?"

"தேடினேன்."

கொட்டகையின் தகரக் கூரையில் ஒரு காகம் நடந்துபோகிற சத்தம் கேட்டது. வாசலில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும், அழுகை ஒன்று உயர்ந்து அடங்கியது. அவள் தாள்களை வரிசையாக அடுக்கினாள். ஓரத்தைத் தட்டிச் சமன்செய்தாள். மறுபடியும் தட்டினாள்.

"கடைசியா என்ன சொன்னாங்க?"

"இந்த ஒம்பதாவதைக் கையில வெச்சிருந்தாங்க. சக்கரம் ரொம்பச் சின்னதா இருக்கே, பொம்மை வண்டியான்னாங்க. நான் சிரிச்சேன். அப்பதான் தண்ணி கேட்டாங்க."

கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல் அவரே கேட்டார். "என்னைப் பத்தி வீட்ல ஏதாவது சொல்லியிருக்காங்களாம்மா?"

இழுத்தடிக்கிறான். எனக்கென்னமோ சரியாப் படல. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட அந்தக் குரல் அவள் காதில் அப்படியே இருந்தது. அதில் இருந்த உற்சாகத்தை அவள் அன்றைக்கு எரிச்சல் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல ஒரு கண்ணு வெச்சிருக்கணும்னு சொன்னாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் மட்டும் ஒருமுறை அசைந்தன. சிரித்தாரோ வேறு என்னவோ, அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே கையுறைப் பெட்டிகளின் பக்கம் திரும்பி, மேலே இருந்ததன் காலாவதித் தேதியைப் படித்தாள்.

அண்ணன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். கையில் கைபேசி. "மூணேகால் ஆச்சு. ஸ்டேஷன்ல தெரிஞ்சவர் ஒருத்தர் லைன்ல இருக்காரு. என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணா. நேரமெல்லாம் ஒத்துப்போகுது. தையற்காரி அக்காகிட்டயும் கேட்டுட்டேன்."

"அப்ப அந்த அஞ்சு மாசம்?"

'விளக்கம் போதவில்லை' என்று நூறு விண்ணப்பங்களில் எழுதிய வாக்கியம் அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வேறு ஒன்றைச் சொன்னாள்.

"கிட்டு பாத்துட்டு இருந்திருக்காங்க. அம்மாவுக்குப் புடிச்ச மாதிரி அமையல."

அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "அஞ்சு மாசமா?"

"அம்மாவைத் தெரியாதா உனக்கு? உப்புப் பாக்கெட்டுக்கே தேதி பாத்துதான் வாங்குவாங்க."

அது உண்மை என்று அவனுக்கும் தெரியும். கைபேசியைக் காதில் வைத்து, "இல்லண்ணே, ஒண்ணுமில்ல, அப்புறம் பேசுறேன்," என்றான். போகும்போது திரும்பி இன்னொரு முறை பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் பாதிதான் குறைந்திருந்தது.

உறையை அவரிடமே நீட்டினாள். "உங்க தாளு."

"அவங்க எழுதினது இருக்கே. உங்ககிட்டதானே இருக்கணும்?"

அவள் யோசித்தாள். இரண்டாவது தாளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தாள். ஏழாவது தாளில் அழித்திருந்தது என்ன என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

நாலு மணிக்கு வண்டி வந்தது. நீளமான வேன். நடுவில் அம்மாவை வைத்தார்கள். இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சுகள். சொந்தக்காரர்கள் முண்டியடித்து ஏறினார்கள். மற்றவர்கள் பின்னால் வருவதற்குக் கார்கள் நின்றன. பட்டறைக்காரர் எதிலும் ஏறாமல் வேனின் கதவோரம் நின்றார். உள்ளிருந்து சரிந்த பூக்கூடை ஒன்றை நேராக எடுத்துவைத்தார். பிறகு, தான் இடையில் நிற்கிறோமோ என்பதுபோல் இரண்டடி பின்வாங்கினார்.

"குடும்பத்து ஆளுங்க எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"ஏறியாச்சு," என்றான் அண்ணன், முன்சீட்டிலிருந்து.

தங்கை பக்கத்தில் பெஞ்சின் மீது வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கதவோரத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உள்ளே நகர்ந்தாள்.