ஒரு முழக் கீறல்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு டிரைவரின் பேருந்து ரோஸ் நிறத்தில் பணிமனையில் நின்றது. மிட்டாய் ரோஸ்கூட இல்லை, கண்ணைக் குத்துகிற ரோஸ். கூரை, கதவு, பக்கத் தகடு, சக்கர மூடி என்று ஒன்று விடாமல் அதே நிறம். ஒரு பொருளின் மேல் எந்தப் படத்தைப் போர்த்துவது என்று தெரியாமல் போனால் அவர் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற பஸ் கேம் இந்த நிறத்தைப் போர்த்திவிடும். மனிதர்களாக இருந்தால் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசிச் சமாளிப்பார்கள். கம்ப்யூட்டருக்கு இன்னும் அந்த அளவு நாகரிகம் வரவில்லை.

டிரைவர் பிளாஸ்டிக் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "வண்டி வரலை" என்றார். எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். முன்பொரு முறை மின்சாரம் மூன்று நாள் போயிருந்தபோது அவர் மூன்று நாளும் அதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார். சோறு, குளியல், பேச்சு எதுவும் கிடையாது.

அவர் டிரைவராக இருந்தது மூன்றரை வருடத்துக்கு முன்பு. இப்போதும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர், அவளுக்கு ஸ்டூடியோக்காரி என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிற வேலை அவளுடையது. பருவை எடுப்பாள், தொப்பையைக் கரைப்பாள், கண்ணுக்குக் கீழே தொங்குகிற பையைக் காலி செய்வாள். செத்துப்போனவர்கள் கண்மூடியிருக்கிற படம் மட்டும்தான் இருக்கிறது என்று வீட்டார் வந்து நின்றால் கண்ணைத் திறந்தும் விடுவாள். ஊரில் பாதிப் பேர் தங்கள் முகத்தைப் பற்றி வைத்திருக்கும் நல்ல அபிப்பிராயத்துக்கு அவள்தான் பொறுப்பு.

விபத்து சாதாரணமானது. பதினான்காவது நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு திருப்பம் உண்டு. பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒருவர் வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸின் கதவுப் பக்கம், பின்சக்கரத்துக்குப் பின்னால், ஹேண்டில்பார் உரசி ஒரு முழ நீளத்துக்கு ஒரு கீறல், முடிவில் கொக்கிபோல் ஒரு வளைவு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் போய்விட்டார். விசாரணையில் டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே வாரத்தில் தகட்டைத் தட்டிச் சரிசெய்து பெயின்ட் அடித்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. டிரைவர் மட்டும், தான் அன்றைக்குக் கதவுப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தோமா இல்லையா என்று நினைவுபடுத்திக்கொள்ள முடியாமல் வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கேமைக் கொண்டுவந்து கொடுத்தது அவளுடைய அண்ணன். அவர் பகலில் ஒரு குளியலறைச் சாமான் கடையில் மேற்பார்வையாளர். மற்ற நேரமெல்லாம் மெய்நிகர்ப் பேருந்துப் பேரவையின் நிறுவனத் தலைவர். வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிறவர்களின் சங்கம் அது. உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர், அதில் நாற்பது பேருக்குப் பதவி உண்டு. நாற்பத்தொன்றாவது ஆளுக்கு அடுத்த ஆண்டு தருவதாக வாக்களிக்கப்பட்டிருக்கிறது.

இந்த கேமில் ஒரு வசதி இருந்தது. நம் ஊர்ச் சாலையை நாமே போட்டுக்கொள்ளலாம், பேருந்துக்கு வேண்டிய தோலையும், அதாவது மேலே போர்த்துகிற படத்தையும், நாமே வரைந்து ஒட்டலாம். சாலையைப் பேரவை போட்டுத் தந்தது. தோலை அவள் செய்தாள். அவர் ஓட்டிய அதே வண்டி, அதே எண், மங்கிய அதே பச்சைப் பட்டை. செய்து முடித்துக் காட்டினாள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கீறல் எங்க?" என்றார்.

விசாரணைக்கு எடுத்த படங்களைப் பிரிண்ட் போட வந்த இடம் அவள் ஸ்டூடியோதான். ஒரு பிரதி அவளிடம் இருந்தது. இருந்தும், திருத்தித் திருத்திப் பழகிய கை, தன்னையறியாமல் அதைத் துடைத்துவிட்டிருந்தது. திரும்ப வைத்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஆறு பத்துக்கு வண்டி கிளம்பும். இருபத்துமூன்று நிறுத்தம். ஒவ்வொன்றிலும் கதவை மூடுவதற்கு முன் கதவுப் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார். அதில் கீறல் தெரியும். தெரிந்தபின் கிளம்புவார். ஏழு இருபத்தைந்துக்குக் கடைசி நிறுத்தம். அதன் பிறகுதான் அவர் சாப்பிடுவார், குளிப்பார், பேப்பர் பார்ப்பார், ரேஷன் என்ன வாங்கணும் என்றுகூடக் கேட்பார். அந்த ஒண்ணேகால் மணி நேரத்தைக் கொடுத்து மீதி நாளை வாங்கிக்கொள்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். வேறு வழியில் வாங்க முடிந்திருந்தால் அவள் வாங்கிக் கொடுத்திருப்பாள்.

அந்த வண்டிதான் இப்போது ரோஸாகிவிட்டது. கேமைச் செய்கிற கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பெரிய அப்டேட்டை இறக்கியிருந்தது. அதை முன்னிட்டுப் பேரவைத் தலைவர் பதினோரு பக்கச் சுற்றறிக்கை வெளியிட்டார். முதல் ஆறு பக்கம் போக்குவரத்தின் வரலாறு. ஏழாம் பக்கத்தில்தான் விஷயம்: பேருந்தின் உடல் புதிதாகிவிட்டது, பழைய தோல்கள் பொருந்தாது.

அவளுக்கு அது தையல் மாதிரி புரிந்தது. தோல் என்பது ஒரு பெரிய சதுரப் படம். அதில் கூரை ஒரு மூலையில், கதவு ஒரு மூலையில், தகடுகள் நடுவில் என்று வெட்டிய துணித் துண்டுகள் மாதிரி கிடக்கும். கேம் அவற்றை எடுத்து உடலில் போர்த்திக்கொள்ளும். இப்போது உடல் மாறிவிட்டதால் ஒவ்வொரு துண்டையும் புது இடத்துக்கு நகர்த்தி, நீட்டி, ஓரம் சேர்க்க வேண்டும். ஸ்டூடியோவிலிருந்து வந்ததும் செவ்வாயும் புதனும் சாயங்காலம் முழுக்க அதைத்தான் செய்தாள். பச்சைப் பட்டை ஜன்னலுக்கு அடியில் ஒடிந்து நின்றது, அதை நேராக்கினாள். எண் பலகை தலைகீழாக வந்தது, திருப்பினாள். டிரைவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். கஞ்சி வைத்தால் பாதி குடித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற தகட்டுக்கு வந்தபோதுதான் இடித்தது. பழைய கேமில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் துண்டு இருந்தது. புதியதில் ஒரே துண்டு. ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பியும் அதையே போர்த்துகிறது. கீறலை வைத்தால் இரண்டு பக்கமும் வரும். வைக்காவிட்டால் எந்தப் பக்கமும் வராது.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஆமாம்மா, அது மெமரியை மிச்சப்படுத்த" என்றார் தலைவர். "ஆனா அதை வெறும் டெக்னிக்கலா பார்க்கக் கூடாது. இடம் வலம்னு பேதம் பார்க்காத ஒரு பார்வை அது. அடுத்த கூட்டத்துல அதைப் பத்தித்தான் பேசப்போறேன்."

"கீறலை என்ன பண்றதுண்ணே?"

"எடுத்துடு. பேரவை வண்டிகள் பழுதில்லாம இருக்கணும்னு விதியே இருக்கு, மாப்பிள்ளைக்காகத்தான் நான் கண்டும் காணாம இருந்தேன். அவருக்கும் நல்லதுதானே."

"கேப்பாரு."

"அப்டேட்ல வழியில்லைன்னு சொல்லு. வேணும்னா பேரவை லெட்டர்ஹெட்ல எழுதி, சீல் போட்டே தரேன்."

சீல் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தாள். இரண்டு பக்கமும் வைக்கவும் மனம் வரவில்லை. எத்தனையோ தழும்பை எடுத்திருக்கிறாள், இல்லாத காயத்தை ஒருத்தர் உடம்பில் ஏற்றியதில்லை. அந்தப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லையே.

ஃபைல்களைக் கிண்டிக்கொண்டே போனபோது அழுக்கு லேயர் கண்ணில் பட்டது. தோலுக்கு மேல் தூசியும் சேறும் படிவதற்கென்று ஒரு மெல்லிய படலம். கம்பெனிக்காரர்கள் வண்டிக்கு ஒரே தகட்டைக் கொடுத்து மிச்சம் பிடித்துவிட்டு, அழுக்குக்கு மட்டும் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தாராளம் காட்டியிருந்தார்கள். கீறலை வெட்டி எடுத்துக் கதவுப் பக்க அழுக்கில் வைத்தாள். ஒரு முழ நீளம், முடிவில் கொக்கி. சரியாக உட்கார்ந்தது.

சுற்றறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. இனி கேமில் மழை பெய்யும், பெய்தால் அழுக்கு கழுவிக்கொண்டு போகும். அதை அவள் படித்திருந்தாள். பதினோரு பக்கத்தையும் முழுசாகப் படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள், எழுதியவரையும் சேர்த்து. படித்துவிட்டுத்தான் அங்கே வைத்தாள். என் கையால் துடைக்கமாட்டேன், மழை துடைத்தால் துடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தோமா என்று அப்புறம் தன்னையே கேட்டுக்கொண்டபோது, ஆமாம் என்றுதான் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை ஆறு பத்துக்கு வண்டி கிளம்பியது. டிரைவர் முதல் நிறுத்தத்தில் கண்ணாடியைப் பார்த்தார், கீறல் இருந்தது, கதவை மூடினார். ஏழு இருபத்தைந்துக்கு முடித்து எழுந்து வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். "பச்சை கொஞ்சம் அழுத்தமா இருக்கு" என்றுகூடச் சொன்னார். அவளுக்கு அது பாராட்டுப் பத்திரம்.

அடுத்த புதன்கிழமை மழை வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில், திரையில் மழை. எட்டாவது நிறுத்தத்தில் அவர் கதவை மூடவில்லை. அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றிருந்தாள்.

"கரையுது" என்றார்.

அவள் பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியில், கீறல் நடுவிலிருந்து அழுக்கு நீராக இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாகக் கொக்கி மட்டும் நின்றது. அதுவும் போனது. தகடு புதிதுபோல் பளபளத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் ஓட்டத்தை ரத்துசெய்து திரும்பப் பணிமனையிலிருந்து கிளம்பினார். புதிதாகக் கிளம்பினால் அழுக்கு திரும்ப வந்துவிடும், கீறலும் வந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் மழை பிடித்தது. மறுபடி பணிமனை. மறுபடி மழை. சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது அதே நாற்காலியில்தான் இருந்தார். காலையில் வைத்த தட்டு மூடியபடியே இருந்தது. அன்று கடைசி நிறுத்தம் வரவில்லை. வியாழனும் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. பதினான்காவது நிறுத்தத்துத் திருப்பத்தைக்கூட அவர் எட்டவில்லை. மழையை நிறுத்த ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று அவள் தேடினாள். கம்பெனி பெருமைப்பட்டுக்கொண்டதே அந்த மழையைப் பற்றித்தான், நிறுத்துவதற்கு வழி வைப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை தலைவர் நேரில் வந்தார். மாப்பிள்ளையின் தாடியையோ மூடிய தட்டையோ அவர் கவனிக்கவில்லை. திரையை மறைத்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுவதன் மகத்துவத்தை விளக்கினார். இந்த வண்டியைப் பேரவையின் ஆண்டுக் காட்சிக்கு வைக்கலாம் என்று இருப்பதாகவும், இப்போதுதான் அது அதற்கு லாயக்கான சுத்தத்தோடு இருப்பதாகவும் சொன்னார்.

"மச்சான், கொஞ்சம் நகருங்க" என்றார் டிரைவர். "கண்ணாடி தெரியலை."

தலைவர் நகர்ந்தார். அவர் பொதுவாழ்வில் இவ்வளவு சீக்கிரமாக நிறைவேற்றிய கோரிக்கை வேறு இல்லை.

மத்தியானம் டிரைவர் கண்ணயர்ந்த நேரத்தில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அழுக்கு லேயரிலிருந்து கீறலை எடுத்தாள். இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்கிற அந்த ஒரே தகட்டின் மேல், பெயின்டோடு பெயின்டாக வைத்தாள். அங்கே மழை தொடமுடியாது. நான்கு நிமிட வேலை. முதல் நாளே செய்திருக்கலாம். மௌஸை வைத்துவிட்டு, மூடிய தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

திங்கட்கிழமை ஆறு பத்து. மழை ஆரம்பத்திலிருந்தே கொட்டியது. முதல் நிறுத்தத்தில் கண்ணாடியைப் பார்த்தார். கீறல் இருந்தது. தண்ணீர் அதன் மேல் ஓடியது, அது அசையவில்லை. கதவை மூடினார். இண்டிகேட்டரைப் போட்டு, சாலைக்கு ஏறுவதற்காக மறுபக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

வண்டி கிளம்பவில்லை. உள்ளே இருந்த பயணிகள், கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த நான்கு வசனங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முணுமுணுத்தார்கள்.

"இந்தப் பக்கம் அடிபட்டது யாரு?" என்று கேட்டார்.

மெமரி, மிச்சம், ஒரே துண்டு, அதைத் திருப்பிப் போர்த்துவது என்று அவள் விளக்கியிருக்கலாம். எல்லாம் உண்மைதான். வாய் வரை வந்தது.

"நான்னு வெச்சுக்குங்க" என்றாள்.

அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கி இந்தப் பக்கம் எதிர்த்திசையில் வளைந்திருந்தது. பிறகு கியரைப் போட்டார், வண்டி நகர்ந்தது.

அடுத்த நிறுத்தத்தில் கதவுப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் இந்தப் பக்கம் பார்த்தார், அதே அளவு நேரம். அதற்கடுத்ததிலும் அப்படியே. அவள் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டு, இன்றைக்கு வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்காவது நிறுத்தத்துக்கு முன்னால் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்து, திருப்பத்தைக் கடந்தது.

எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசி நிறுத்தம் வந்தது. முப்பத்து மூன்று நிமிடம் தாமதம் என்று திரை கண்டித்தது. அவர் கதவைத் திறந்து, எல்லோரும் இறங்கி முடிக்கும் வரை காத்திருந்தார்.