பார்னபியின் போத்தல்

1

கழிந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடொன்றில், ஓர் ஊறுகாய்ப் போத்தல் திறக்க மறுத்தது. இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையாவது ஒளித்துவைத்துக் கடைசிப் பக்கத்தில் எடுத்துக் காட்டும் வித்தை எனக்குக் கைவராது. எங்கள் குடும்பத்தில் எழுதிய எவரும் வாசகரை ஏமாற்றியதில்லை. (எங்கள் குடும்பத்தில் எழுதியவன் நான் ஒருவனே.)

கதையின் நாயகர் நமசிவாயம். வயது எழுபத்தாறு. அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கதிரையில் சாயாமல் உட்காருபவர். எனக்கும் வயது எழுபத்தாறு, நானும் ஓய்வுபெற்றவன், நானும் சாய்வதில்லை. ஆனாலும் அவர் நானல்ல. அவருடைய மனைவி பெயர் றஞ்சிதம். என் மனைவியின் பெயர் வேறு.

என் எழுத்துகள் அச்சுக்குப் போகுமுன் என் மனைவி பென்சிலும் கையுமாக வாசிப்பார். ஓரத்தில் அவர் எழுதிய குறிப்புகளை இம்முறை அழிக்காமல் சதுர அடைப்புக்குள் விட்டிருக்கிறேன்.

[பேரை மாத்தினால் ஆக்களுக்கு விளங்காதோ? சரி, எழுதுங்கோ.]

2

முதல் தொடக்கம்: "1993இல் கொழும்பில் கணினி இருந்த தமிழ் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் ஒன்று..." இது நினைவுமலர்க் கட்டுரை. விட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "மூடுபனி. பழைய துறைமுகம். பாலத்தின் நடுவே ஒரு வாத்து..." நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாத்து வருவது முதலாம் பாகத்தில். நம் கதையோ மூன்றாம் பாகத்தைப் பற்றியது.

ஆகவே நேரே வருகிறேன். பார்னபி ஒரு கணினி விளையாட்டின் நாயகன். துறைமுகத்து எழுதுவினைஞன், அப்பாவி. பார்னபி என்பதும் நான் வைத்த பெயர். உண்மைப் பெயரை எழுத முடியாது, எங்களிடம் இருந்தது கள்ளப் பிரதி. நமசிவாயத்திடம் இருந்தது என்று வாசிக்கவும். அவருடைய தம்பி கனடாவுக்குப் போகும்போது கணினியோடு விட்டுச் சென்றது. ஆகவே களவு தம்பியுடையது. குடும்பத்தின் பிரதான கிளையில் கறை இல்லை.

விளையாட்டு இப்படி: திரையின் அடியில் ஒன்பது சொற்கள். எடு, கொடு, திற, மூடு, தள்ளு, இழு, பார், பேசு, பயன்படுத்து. ஒரு சொல்லை அமுக்கி, பிறகு ஒரு பொருளை அமுக்கினால் பார்னபி அதைச் செய்வான். சீப்பை வாத்துக்குக் கொடு. ஈரக் காலுறையை மேயரோடு பயன்படுத்து. அவன் எதற்கும் சலிக்கமாட்டான். ஆயிரம் முறை பிழை விட்டாலும் திரும்பி நின்று, "அது சரிவராது போலிருக்கிறது, ஐயா" என்பான், அவ்வளவுதான். சாவில்லை, புள்ளிக் குறைப்பில்லை, விளக்கம் கோரும் கடிதமில்லை. பகல் முழுவதும் பிழையே விடக்கூடாத கதிரையில் இருந்துவிட்டு வரும் ஒரு மனிதருக்கு, மாலை ஏழு மணிக்கு மனம் நிறையப் பிழைவிட ஓர் இடம்! நமசிவாயம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பார்.

[உண்மை. தனிய இருந்து சிரிச்சவர். நான் பயந்துபோனன்.]

மொத்தம் ஐந்து பாகங்கள். முதலாவதில் வாத்து. இரண்டாவதில் பொய் சொல்லும் துறைமுக வெளிச்சவீடு. மூன்றாவதுதான் உச்சம். நான்காவதில் பார்னபிக்குக் குரல் கொடுத்தார்கள், அது சளி பிடித்த ஊர் விதானையாரின் குரல். ஐந்தாவதில் முப்பரிமாணம் என்று சொல்லி அவனுடைய கழுத்தையே காணாமற் செய்தார்கள். அதைப் பற்றிப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

3

மூன்றாம் பாகத்தின் முடிவில் ஒரு கண்ணாடிப் போத்தல் வரும். உள்ளே திறப்பு, அதாவது சாவி. தகர மூடி இறுகிப்போயிருக்கும். "திற" என்றால் பார்னபி, "கை வழுக்குகிறது, ஐயா" என்பான். உடைக்கப் போனால், "திறப்பு கடலுக்குள் விழுந்துவிடும், ஐயா" என்பான். அவனுடைய பையில் இருபத்துமூன்று பொருட்கள். நமசிவாயம் இருபத்துமூன்றையும் மூடியோடு பயன்படுத்திப் பார்த்தார். வாத்திறகால் தடவினார். பொய்ப்பல்லால் கடிப்பித்தார். பதினொரு கிழமை, இரண்டரை மாதம்!

கொட்டாஞ்சேனையில் றஞ்சிதத்தின் தம்பி, அதாவது அவருடைய மைத்துனர், சிவபாலனும் அதே போத்தலில் மாட்டிக்கொண்டிருந்தார். இரவில் தொலைபேசி வரும்.

"அத்தான், அது திறக்கேலாது. செய்தவன் மறந்துபோய் விட்டிட்டான்."

"உனக்குத் திறக்கேலாது எண்டு சொல்லு."

பிறகு ஒரு மாலை நமசிவாயம் தானாகவே தொலைபேசி எடுத்தார். "திறந்தாச்சு. மூண்டாம் பாகமும் முடிஞ்சுது. ஒருத்தரும் ஹின்ற் தரேல்லை." அந்த ஒரு வசனத்தில் வெள்ளவத்தை வீடு கொட்டாஞ்சேனை வீட்டைவிட ஒரு படி உயர்ந்தது. முப்பத்திரண்டு வருடமாக இறங்கவில்லை. கல்யாண வீடுகளில் சாப்பாட்டுப் பந்தியில் இன்றும் சொல்லப்படும்.

அந்தப் படிதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடியது.

4

நமசிவாயத்தின் வீட்டுக்கு மூன்று பெருமைகள் உண்டு. அவர் பார்னபியின் போத்தலைத் தன் சொந்த மூளையால் திறந்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் அவர் லீவு எடுக்கவில்லை. அவருடைய வீட்டில் எந்த மணிக்கூடும் பிழையாக ஓடியதில்லை. ஞாயிறுதோறும் வானொலி நேரத்தைக் கேட்டு எல்லாவற்றையும், கணினியின் மணிக்கூடு உட்பட, அவரே சரிசெய்வார்.

தனித்தனியாக மூன்றும் நல்ல பெருமைகள். மூன்றும் ஒரே மேசைக்கு வந்தபோதுதான் சிக்கல்.

5

சிவபாலனின் மகள் சாருஜா கொம்பனித்தெருவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். பார்னபியைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள் என்று அவள்தான் செய்தி கொண்டுவந்தாள். அந்த ஞாயிறு தகப்பனோடு சாப்பிட வந்தவள், அலுமாரியில் கிடந்த பழைய பிளொப்பியைக் கையோடு கொண்டுவந்த கருவியில் செருகி, மடிக்கணினியை அதோடும் தொலைக்காட்சியோடும் இணைத்தாள்.

"மாமா! நீங்கள் சேவ் பண்ணினதெல்லாம் அப்பிடியே கிடக்கு!"

"போடு பிள்ளை, போடு," என்றார் சிவபாலன், சோற்றைப் பிசைந்துகொண்டு. "அத்தான்ர மூளையைப் பெரிசாப் பாப்பம்."

(இந்த இடத்தில் சிவபாலனைக் கொஞ்சம் பொறாமைக்காரராக எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். அவர் நல்ல மனிதர், பகிடிக்காரர், அவ்வளவுதான். பொறாமைக்காரர் தேவைப்பட்டது எனக்கு.)

சாருஜா, ஒவ்வொன்றும் சேவ் பண்ணிய நேரப் பட்டியலை வாசித்தாள். "பின்னேரம் ஏழேகால்... எட்டு மணி... ஏழு நாப்பது... எல்லாம் பின்னேரம்தான். கடைசி ஒண்டுதான், போத்தல் திறந்தது. தொண்ணூத்திமூண்டு யூன் பதினைஞ்சு, காலமை பத்து நாப்பத்தேழு." அவள் கைத்தொலைபேசியைத் தட்டினாள். "செவ்வாய்க்கிழமை. மாமா, அண்டைக்கு நீங்கள் லீவோ?"

"அத்தானோ? லீவோ?" சிவபாலன் சிரித்தார். "ஊரடங்குச் சட்டத்துக்குள்ளயும் ஒபிசுக்குப் போக வெளிக்கிட்ட மனுசன்!" சிரிப்பு பாதியில் நின்றது. கவளம் வாய்க்கு முன்னால் நின்றது. "அப்ப... ஒபிசில இருந்துகொண்டே வீட்டில போத்தல் திறந்தனீங்களோ, அத்தான்?"

சாருஜா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். நமசிவாயத்தின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. ஆபத்தில் அது அப்படித்தான்.

அவருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நன்றாக நினைவிருந்தது. வேலையால் வந்து கணினியைப் போட்டார். அவர் வழக்கமாகச் சேவ் பண்ணும் இடத்தில், அவருடைய பெயரில், பார்னபி நின்றான். விளையாட்டில் வரும் சத்திரத்தின் கொதிக்கும் சூப்புப் பானைக்குள் போத்தல் தலைகீழாக நின்றது. மூடி கழன்றிருந்தது. திறப்பு பார்னபியின் கையில். அவர் திரும்பிப் பார்த்தார். றஞ்சிதம் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. இறுகின மூடியைச் சுடுதண்ணீரில் வைத்தால் இளகும் என்பது குசினிக்குள் காலடி வைத்த எவருக்கும் தெரியும். நமசிவாயம் வைத்ததில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

[நான் உங்கட இடத்தில சேவ் பண்ணினது பிழைதான். வேற பேர் போடத் தெரியேல்லை.]

இப்போது மேசையில் எல்லோரும் காத்திருந்தார்கள். றஞ்சிதம் சாதாரணமாகச் சொன்னார்: "அந்தப் பெட்டியின்ர மணிக்கூடு எப்பவும் பிழைதானே. பற்றறி செத்துக் கிடந்தது. சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

6

முடிவு ஒன்று. நமசிவாயம், "ஓம், பற்றறி" என்கிறார். மூளையும் லீவும் தப்புகின்றன, மணிக்கூடு மட்டும் போகிறது. மலிவான விலை. இதை எழுதிமுடித்து இரண்டு நாள் வைத்திருந்தேன். வாசிக்கும்போதெல்லாம் கூசியது. அவர் மானத்தைக் காப்பாற்ற அவருடைய மனைவி பொய் சொல்லவேண்டியிருந்தது என்றால், அதற்குப் பெயர் மானமா என்று...

முடிவு இரண்டு. நமசிவாயம் எழுந்து நிற்கிறார். "உறவினரே! முப்பத்திரண்டு ஆண்டுகளாக நான் சூடியிருக்கும் இந்தக் கிரீடம்..."

[அடக் கடவுளே. இவர் இப்பிடிக் கதைக்கவே மாட்டார்.]

முடிவு மூன்று, நடந்தது. சிவபாலன் பேச்சை மாற்றுவதற்காக ஊறுகாய்ப் போத்தலை எடுத்தார். திருகினார். துவாயால் சுற்றித் திருகினார். "இதுவும் பார்னபியின்ர போத்தல் போல. அசையுதேயில்லை."

நமசிவாயம் அதை அவர் கையிலிருந்து வாங்கினார். குசினிக்குள் போனார்.

மேசையில் இருந்தவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. ஓர் அலுமாரி திறந்தது, மூடியது. இன்னொன்று திறந்தது. அரிதட்டு விழுந்தது. இழுப்பறை ஒன்று இழுபட்டது. தள்ளுபட்டது. அந்த மனிதர் தன் சொந்த வீட்டுக் குசினியை முதன்முறையாக விளையாடிக்கொண்டிருந்தார். திற, மூடு, இழு, தள்ளு, எடு!

"கேத்தில் இடப்பக்கம்..." என்று றஞ்சிதம் எழுந்தார்.

"ஒருத்தரும் ஹின்ற் தரவேண்டாம்!"

றஞ்சிதம் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். கேத்தில் விசிலடித்தது. பிறகு "டொப்" என்றொரு சத்தம், தொடர்ந்து, எழுபத்தாறு வயது மனிதர் போடக்கூடாத ஒரு கூச்சல்.

அவர் நிமிர்ந்தபடி வந்து, திறந்த போத்தலைச் சிவபாலனின் தட்டுக்கு முன்னால் வைத்தார். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. சாருஜா தொலைக்காட்சியைப் பார்த்தாள். அங்கே பார்னபியும் ஒரு திறந்த போத்தலோடு நின்றான்.

"மாமா, சுடுதண்ணி ஐடியா உங்களுக்கு அப்ப என்னண்டு வந்தது?"

"எனக்கு வரேல்லை," என்றார் நமசிவாயம். "மணிக்கூடு சரி. நான் ஒபிசில. மாமியைக் கேள்."

எல்லோரும் றஞ்சிதத்தின் பக்கம் திரும்பினார்கள். அவர் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

7

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன், நனைந்த சட்டையோடு. எழுதமாட்டேன். அவர் முடித்த ஒன்றில் என் பெயரைப் போட்டு முப்பத்திரண்டு வருடம் ஊருக்குச் சொல்லியாயிற்று, கடைசி வரியையும் நான் எடுப்பது முறையல்ல.

பென்சில் சீவி வைத்திருக்கிறது. கீழே இடம் விட்டிருக்கிறேன். அவர் எழுதாமல் விட்டால், வாசகரே, நீங்கள் எழுதுங்கள். ஒன்பது சொற்களில் "பேசு" என்பதை அமுக்கி, பிறகு அவரை அமுக்குங்கள். நான் செய்யத் தவறியது அந்த ஒன்றுதான்.

[                                        ]