ஏழாவது கேள்வி

“ஏழாவது கேள்விய விட்டுட்டீங்களே, அமிர்தம்.”

“பதில் இல்லன்னா விடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“விடலாம். ஆனா அத விட்டவங்க ஒருத்தர்கூட காலேஜ்ல நிக்கல.”

கூடப் படித்த டாக்டர் யூனுஸ் இதைச் சொன்னது எட்டு மாதத்துக்கு முன்பு, தஞ்சாவூரில், கல்லூரி கேன்டீனில். மேற்படிப்பு முடித்த டாக்டர்களில் யார் ஆசிரியராகத் தங்குகிறார்கள், யார் சொந்த ஆஸ்பத்திரி வைக்கப் போகிறார்கள் என்று நாற்பது பேரிடம் தாள் கொடுத்து அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியதுண்டா? உண்டு. பாடம் நடத்தப் பிடிக்குமா? மிகவும். ஊரில் ஆஸ்பத்திரி தயாராக இருக்கிறதா? இருக்கிறது. ஏழாவது: உங்கள் விருப்பத்தை வீட்டில் சொல்லிவிட்டீர்களா?

அமிர்தம் இன்னும் சொல்லவில்லை. கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கான உத்தரவு அவள் கைப்பையில் இருந்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் அவளுடைய ஆஸ்பத்திரிக்குத் திறப்பு விழா. போன வருடம் வரை அது நெல் கிடங்கு. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும், ஆஸ்பத்திரிக்கு எழுதிவைத்த நிலத்தைச் சர்க்கார் தொடாது என்று மாமனார் துரைராசு எங்கோ கேள்விப்பட்டு, பன்னிரண்டு ஏக்கரை எழுதிவைத்தார். ஆஸ்பத்திரிக்கு டாக்டரும் வேண்டும் என்பது பிறகுதான் அவருக்குத் தோன்றியது. நல்லவேளையாக வீட்டிலேயே ஒரு மருமகள் இருந்தாள்.

கணவன் தியாகராசன் வாசலில் ஏணிமேல் நின்று பெயர்ப்பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். முதல் நோயாளியாக விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தங்கையன் வந்தார். அந்தப் பன்னிரண்டு ஏக்கரைக் கேட்டு மனு போட்டவர் அவர்தான்.

“இவனுக்கு ஒரு நோயும் இல்லம்மா. ஆஸ்பத்திரி நெசமான்னு வேவு பாக்க வந்திருக்கான்,” என்றார் துரைராசு.

“அதுவுந்தாங்க,” என்றார் தங்கையன். “நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்குது. அதுவுந்தான்.”

அமிர்தம் வெகுநேரம் அவர் நெஞ்சைக் கேட்டாள். பிறகு, வார்டில் மாணவர்களுக்குச் செய்கிற பழக்கத்தில், ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவர் காதில் மாட்டிவிட்டாள். பக்கத்தில் நின்றவர் மாமனார்.

முப்பது வருடமாகத் தங்கையனின் பேச்சைக் காதில் வாங்காதவர், அவர் நெஞ்சைக் கேட்டார்.

“என்ன கேக்குது மாமா?”

“லப்பு டப்புங்குது. நடுவுல உஸ்ஸுன்னு…” துரைராசு கண்ணை மூடிக்கொண்டார். “மதகுப் பலகை சரியா உக்காராம தண்ணி கசியுற மாதிரி.”

“அதேதான் மாமா! உள்ள ஒரு வால்வு சரியா மூடல. கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்க. எங்க சத்தம் கூடுதுன்னு சொல்லுங்க.”

துரைராசு நகர்த்தினார். சரியான இடத்தைச் சொன்னார். இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றார்.

“நான் சட்டைய மாட்டிக்கலாங்களா?” என்றார் தங்கையன். “டாக்டரம்மா, இவருக்கே புரிய வச்சிட்டீங்களே. நீங்க வாத்தியாரா இருக்க வேண்டிய ஆளு.”

வாசலில் சுத்தியல் சத்தம் நின்றது. அமிர்தத்தின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதைக் கேட்க ஸ்டெதாஸ்கோப் தேவைப்படவில்லை.

“இவரத் தஞ்சாவூருக்கு அழைச்சிட்டுப் போகணும் மாமா,” என்றாள். “நானும் அங்கயே இருந்துடறேன். காலேஜ்ல பாடம் நடத்தணும்னு எனக்கு ஆசை. என்னை விடுங்க மாமா.”